படிக்கட்டுச் சுவரில் ஒன்பது தாள்கள்

அக்டோபர் 3, செவ்வாய்

இந்த நோட்டு என் ஆசைக்கு எழுதுவது இல்லை. எழுதியே ஆக வேண்டும் என்று மிதுன் சொல்லிவிட்டார். அவர்தான் கண்காட்சி நடத்துகிறவர். நவம்பர் 25-ல் உக்கடம் பக்கம் ஒரு பழைய பஞ்சு குடோனில் திறப்பு. ஆறு பேருக்கு இடம். ஐந்து பேர் பெரிய ஓவியக் கல்லூரிகளில் படித்தவர்கள். ஆறாவது நான், தமயந்தி, டிராயிங் டீச்சர்.

சுவரில் படம் மாட்டுகிற கண்காட்சி இல்லை. இன்ஸ்டலேஷன். ஒரு அறை முழுக்கப் பொருள்களை அமைத்து, வருகிறவர்கள் அதற்குள் நடந்து போகும்படி செய்வது. அதற்கு முன் நாற்பது நாள் ஒரே இடத்தை, ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். பார்த்ததை அன்றன்றே எழுத வேண்டும். பொய் எழுதக் கூடாதாம். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

நாங்கள் குடியிருக்கும் பி பிளாக்கின் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தரைக்கும் முதல் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடம், அங்கே இருக்கிற சுவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மாலை ஐந்தேகால் முதல் ஆறேகால் வரை. வேறு இடத்துக்குப் போய் வர எனக்கு நேரம் கிடையாது என்பதுதான் உண்மையான காரணம்.

அக்டோபர் 4, புதன்

பிள்ளைகள் எல்லாரும் இறங்கும்போது ஒரே இடத்தில் கையை ஊன்றித்தான் திரும்புகிறார்கள். அங்கே சுவர் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பளபளக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே பெரியவர்களின் கை படுகிற இடம். மூன்று வருஷமாகத் தினமும் ஆறு தடவை இதே வழியாக ஏறி இறங்குகிறேன், இதைப் பார்த்ததே இல்லை.

ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு. யாரோ பென்சிலால் கிறுக்கியது என்று நினைத்து ரப்பரால் அழித்தேன். அழியவில்லை. விரிசல்.

அக்டோபர் 8, ஞாயிறு

மழை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அக்டோபர் 11, புதன்

கோடு நீண்டிருக்கிறது. முதல் நாளிலிருந்து சுவரில் டிரேசிங் தாளை வைத்து, அதில் தெரிகிற கோடுகளை நகல் எடுத்து வருவதால் சந்தேகமே இல்லை. இரண்டு விரற்கடை. மேலே ஒரு சின்ன கிளையும் பிரிந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பது தாளையும் வரிசையாகத் தொங்கவிட்டால், நடுவே நடந்து போகிறவர்கள் கோடு வளர்வதைப் பார்ப்பார்கள். யாரும் வரையாத படம். மிதுனுக்குப் போன் செய்தேன். "சூப்பருங்க மேடம், அதை விட்றாதீங்க" என்றார்.

அக்டோபர் 14, சனி

பி பிளாக்கில் பதினெட்டுக் குடும்பம். எல்லாரும் மூடிப்போன மில்லின் பழைய தொழிலாளிகள், அவர்களின் பிள்ளைகள். மில் முதலாளியின் வாரிசுகள் இடத்தைக் கேட்கிறார்கள். கட்டடம் பழுது, ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். நவம்பர் 20 திங்கட்கிழமை விசாரணை. தோற்றால் எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்று முற்றத்தில் கூட்டம். என் கணவர் வெள்ளிங்கிரிதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னார்.

"யாரு வந்து கேட்டாலுஞ் சரி, ஊடு நல்லாருக்குதுன்னு ஒரே வாயில சொல்லோணும். ஒருத்தரு மாத்திப் பேசுனாலும் பதினெட்டு ஊடும் போச்சு."

'கட்டடம் உறுதியாக உள்ளது' என்ற மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அதன் பிறகு ஐந்தேகாலுக்குப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கோடு இன்னும் ஒரு விரல் நீண்டிருந்தது.

அக்டோபர் 16, திங்கள்

எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஆல்பர்ட் சாரிடம், யாரோ ஒரு சிநேகிதியின் வீடு என்று சொல்லி, டிரேசிங் தாள்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "பில்டிங் பக்கத்துல ஏதாவது தோண்டியிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

தோண்டியிருக்கிறார்கள். சாக்கடைக் குழாய்க்கு என்று பின்பக்கம் ஆளுயரப் பள்ளம். பாதியில் விட்டுப் போய்விட்டார்கள். இரண்டு வாரமாக மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது.

"கரிசல் மண்ணு. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். விரிசலுக்குக் குறுக்க பேப்பரை ரெண்டு ஓரமும் இறுக்கமா ஒட்டி, தேதி எழுதி வைக்கச் சொல்லுங்க. கிழியலைன்னா பழைய விரிசல், பயமில்லை. கிழிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம்" என்றார். பிறகு, "உங்க ஃப்ரெண்டு எந்த மாடிங்க?" என்றார். தெரியாது என்று சொன்னேன்.

டிராயிங் ஷீட்டில் ஒன்பது துண்டு வெட்டினேன். குறுகலாக வெட்டியிருந்தால் போதும். அழகாக இருக்கட்டும் என்று உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றை ஒன்று தொடும்படி ஒட்டினேன். இப்போது விரிசலே தெரியவில்லை, வெள்ளைத் தாள்கள் ஏணி மாதிரி ஏறிப் போகின்றன. ஒட்டும் முன் வெள்ளிங்கிரியின் பிளேடை விரிசலில் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

அக்டோபர் 18, புதன்

மூன்று தாள் கிழிந்துவிட்டது. நடுவில், மேலிருந்து கீழாக, சுத்தமாக.

அவற்றை எடுத்துவிட்டு இன்றைய தேதியோடு புதுசாக மூன்று ஒட்டினேன். பசை எல்லாம் சுவரில் வழிந்தது.

அக்டோபர் 19, வியாழன்

பயமாக இருக்கிறது. எழுதத்தானே சொன்னார்கள், எழுதுகிறேன். படியில் சுவரோரமாக நடப்பதா கைப்பிடி ஓரமாக நடப்பதா என்று யோசித்துக்கொண்டு நடுவே நின்றுவிடுகிறேன். மேல் வீட்டில் யாரோ அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தால் கை வேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்கேலால் மேசையைத் தட்டியதற்கு அறைந்துவிட்டேன். பாவம், ஐந்தாம் வகுப்பு.

படிக்கு நேர் கீழே தரைத்தளத்தில் ராஜாமணியக்கா வீடு. மளிகைக் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுப்பவர். பள்ளியில் மிஞ்சுகிற பழைய கேள்வித்தாள்களை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். கரப்பான் அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார், அதனால் அவருடைய விரல் நுனி எப்போதும் நீலம். நாளெல்லாம் படியடியில் உட்கார்ந்துதான் வேலை.

இன்று என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன கண்ணு, செவுத்துக்குப் பட்டை போட்டு வெச்சிருக்கறே?"

விரிசல் என்று வாய் வரை வந்தது. அவருடைய மகள் ஹேமா நிறைமாதமாக உள்ளே படுத்திருந்தாள். மனுவில் போட்ட கையெழுத்தும் ஞாபகம் வந்தது.

"என்ற எக்ஸிபிஷனுக்குங்க்கா. பசங்க கை வெக்காம பாத்துக்குங்க. கிழிஞ்சுட்டா எல்லாம் போச்சு" என்றேன்.

"நா இங்கயேதான கண்ணு உக்காந்திருக்கறேன். நீ கவலப்படாதே" என்றார்.

அக்டோபர் 21, சனி

இன்னும் இரண்டு கிழிந்தது. புதுசு ஒட்டும் முன் வெள்ளிங்கிரியை அழைத்துப் போய்க் காட்டினேன். தாளைத் தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாதே. இருவதாந் தேதி கேஸு முடியட்டும். அடுத்த நாளே மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து காட்டறேன்."

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா?"

"அம்பது வருசமா நிக்கறது ஒரு மாசம் நிக்காதா?" கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு ஏறும்போது அவரும் கைப்பிடி ஓரமாகவே நடந்தார்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஹேமாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அக்கா எல்லார் வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தார்.

அக்டோபர் 25, புதன்

ஒன்பது தாளும் முழுசாக இருக்கின்றன. நேற்றும் அப்படியே, முந்தாநாளும் அப்படியே.

ஹேமாவையும் குழந்தையையும் இன்று வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அக்கா வீட்டில் உள்ளறை, படிக்கு அடியில் வருவது, அங்கேதான் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். காற்றுப் படாத இடமாம்.

அக்டோபர் 28, சனி

ஒன்றும் கிழியவில்லை. பயம் குறைந்து, பசி எடுத்துச் சாப்பிட்டேன். பழைய விரிசல்தான், மழைக்குக் கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றுவிட்டது. வெள்ளிங்கிரியிடம் சொன்னதும், "நாந்தான் சொன்னேனே" என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கோட்டின் இரு முனையும் தாள்களைத் தாண்டி, மேலே உத்தரத்தையும் கீழே தரையையும் தொட்டுவிட்டன. இனி நீள இடம் இல்லை. தாள்களும் கிழியவில்லை. மிதுன் போனில், "கடைசிப் பத்து நாளும் ஒரே மாதிரி இருந்தா கொஞ்சம் டல்லாயிரும் மேடம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

அக்கா வீட்டுக் கதவு தரையில் இழுக்கிறது. ஆசாரி வந்து அடியில் இழைத்துவிட்டுப் போனார். பத்து நாளில் இரண்டாம் தடவையாம். மழைக்கு மரம் ஊதும்.

குழந்தையைப் பார்க்கப் போனேன். தொட்டிலுக்கு மேலே ஒரு பழைய சேலையை நாலு மூலைக்கும் இழுத்துப் பந்தல் மாதிரி கட்டியிருந்தார்கள்.

"எதுக்குங்க்கா?"

"மேல இருந்து மண்ணு உழுகுது கண்ணு. எலி ஏதோ பறிக்குதாட்ட இருக்குது. புள்ள கண்ணுல பட்டுருமில்ல" என்றார் அக்கா.

நான் சேலையை அண்ணாந்து பார்த்தேன். நடுவில் ஒரு கைப்பிடி மண் சேர்ந்து தொய்ந்திருந்தது. வெளியே வந்து நேராகப் படியேறித் தாள்களைப் பார்த்தேன். ஒன்பதும் முழுசாக இருந்தன. எலிதான்.

நவம்பர் 9, வியாழன்

பெருமழை. இன்றைக்கு உட்கார்ந்திருக்கும்போது சுவருக்குள் ஒரு சத்தம், விரலைச் சொடுக்குகிற மாதிரி. எழுந்து ஓடி முற்றத்தில் போய் நின்றுவிட்டேன். நனைந்ததுதான் மிச்சம். இரண்டாம் மாடிச் சம்பூரணம் துணி எடுக்க வந்தவள், "என்ன டீச்சர், மழையில வெளையாடறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நவம்பர் 11, சனி

நாற்பதாவது நாள். தாள்கள் முழுசு. முடிந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஒவ்வொரு வெடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சமையல்கட்டில் நின்றேன். முறுக்கு கருகியது.

நவம்பர் 13, திங்கள்

அத்தனை வெடிக்குப் பிறகும் ஒரு தாள்கூடக் கிழியவில்லை. கட்டடம் கல்லு மாதிரி இருக்கிறது. நான்தான் பயந்தாங்கொள்ளி.

நவம்பர் 18, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

இன்று பள்ளி விடுமுறை. மதியம் மிதுனின் வேன் வருவதாக இருந்தது. டிரேசிங் தாள்களோடு அந்த ஒன்பது தாள்களையும் அனுப்பலாம் என்று, காலை எட்டு மணிக்கு ஈரத்துணியும் கத்தியும் எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். கீழ்த்தாளை நனைத்து உரித்தேன். உரித்த தாளின் பின்பக்கத்தில் அச்செழுத்து இருந்தது. 'ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி'.

நான் ஒட்டியது டிராயிங் ஷீட். அதற்குப் பின்னால் எழுத்து கிடையாது.

அதற்கு அடியில் இன்னொரு தாள், நடுவில் கிழிந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று, அதுவும் அதே இடத்தில் கிழிந்தது. உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் நான் அந்த இடத்தில் எழுதிய அதே தேதி, அக்டோபர் 16. எல்லாவற்றின் ஓரத்திலும் இலேசான நீலம்.

ஒன்பது இடத்திலும் அப்படித்தான். கடைசித் தாளையும் எடுத்தபோது விரிசலைப் பார்த்தேன். நான்கு வாரமாக நான் பார்க்காத விரிசல். பிளேடு நுழையாத இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளத்தின் தண்ணீர் தெரிந்தது.

கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். அக்கா படியடியில் கவர் மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது நீங்க ஒட்டுனதுங்களா?"

"தெரிஞ்சு போச்சா கண்ணு? தெரியாத மாதிரி ஒட்டுனேன்னு நெனச்சேனே." முகத்தில் பெருமை.

"எதுக்குங்க்கா ஒட்டுனீங்க?"

"நீதான சொன்னே, கிழிஞ்சுட்டா எல்லாம் போச்சுன்னு. இந்தப் பசங்க போறப்ப வாரப்ப கிழிச்சுப்போடறாங்க. சாயங்காலம் நீ வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவேன்னு, நாலு மணிக்கெல்லாம் ஒட்டிப்போடுவேன். தேதிகூட உன்ற எழுத்தாட்டவே எழுதுனேன்."

"எத்தன தடவ?"

"மொதல்ல ரெண்டு நாளைக்கு ஒருக்கா. தீவாளிக்கு அப்புறம் நித்தமும். நேத்து ரெண்டு தடவ. சும்மாவே இருக்க மாட்டீங்கறாங்க கண்ணு."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பசங்க இல்லை, சுவர்தான் கிழித்தது என்று. நான் பொய் சொன்னேன் என்று. அவர் சிரித்தார். "பேப்பரு கிழிஞ்சதுக்கா ஊட்ட உட்டுப் போவாங்க? பச்ச ஒடம்புக்காரி, புள்ள பொறந்து இன்னும் முப்பதாம் நாளு சாமி கும்புடல. எங்க கண்ணு கூட்டிட்டுப் போறது?"

மேலே ஓடி வெள்ளிங்கிரியை இழுத்து வந்தேன். அவர் வீட்டுச் சாவியை எடுத்து விரிசலில் வைத்தார். சாவியின் பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

"நாளைக்கழிச்சு கேஸு" என்றார்.

"தொட்டில் இதுக்கு அடியிலதானுங்க தொங்குது."

"யாரு நம்புவாங்க? நானே மைக்கப் புடிச்சு ஊடு நல்லாருக்குதுன்னு கத்துனவன்."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முற்றத்துத் துணிக்கொடிகளில் கிடந்த துணிகளை எல்லாம் எடுத்துப் போட்டேன். நாற்பது டிரேசிங் தாளையும் தேதி வரிசைப்படி கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அதன் முடிவில் அந்த ஒன்பது இடத்துத் தாள்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, கிழிந்த பாதியும் பாதியுமாக. எண்பத்தேழு. வெள்ளிங்கிரி கிளிப் எடுத்துக் கொடுத்தார். கொடியின் கடைசி முனையைப் படிக்கட்டின் கைப்பிடியிலேயே கட்டினேன், நடந்து வருகிறவர்கள் அந்தச் சுவரில் வந்து நிற்கும்படி.

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். "டீச்சரு பேப்பர் காயப்போட்டிருக்கறாங்க" என்றாள் சம்பூரணம். பிறகு முதல் தாளிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே மற்றவர்கள். பத்தாவது தாள் வரை பேச்சு இருந்தது. இருபதில் குறைந்தது. கிழிந்த தாள்களுக்குள் போனபோது செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. படியேறி விரிசலுக்கு முன்னால் நின்று, சம்பூரணம் தன் கையை உள்ளே விட்டுப் பார்க்கப் போனாள். விடாமல் எடுத்துக்கொண்டாள்.

கடைசியாக அக்கா வந்தார். தன் கையால் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். எண்ணினார் என்று நினைக்கிறேன். பாதியிலேயே திரும்பி வீட்டுக்குள் போனார். வெளியே வரும்போது தொட்டில் சேலையோடு சேர்த்துக் குழந்தையை மார்பில் அணைத்திருந்தார். பின்னால் ஹேமா, தலையணையோடு.

மதியம் ஒரு மணிக்குள் எல்லாரும் கோயில் பக்கத்துச் சமுதாயக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் வந்து காலியாகத் திரும்பியது.

நவம்பர் 20, திங்கள்

எதிர்த்தரப்பு வக்கீல், குடியிருப்பவர்களே பயந்து வெளியேறிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாராம். வழக்கு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. எங்கள் வக்கீல் வெள்ளிங்கிரியை எல்லார் முன்னாலும் திட்டினாராம். கூடத்துக்குத் திரும்பி வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

கட்டடம் அப்படியே நிற்கிறது. மழையும் இல்லை. ஐந்து குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன, சம்பூரணம் முதல் ஆளாக. "படம் காட்டிப் பயமுறுத்தி மில்லுக்காரங்களுக்கு ஊட்டைத் தொறந்து உட்டுட்டா" என்று என் காதுபடவே சொன்னாள். கூடத்தில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இப்போது மனிதர்களைப் பார்த்தும் பயம்.

பொய் எழுதக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். இன்று மத்தியானம், அது விழுந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து குடும்பம் உள்ளே இருக்கும்போது நினைத்தேன். அக்டோபரில் கோடு நீண்டபோது சந்தோஷப்பட்டவளும் நான்தான். தாள் கிழியாமல் இருந்த அத்தனை நாளும் அதன் வெள்ளை வேறு வெள்ளை என்று என் கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது? வண்ணம் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம். பார்க்க வேண்டாம் என்று இருந்திருக்கிறேன்.

நவம்பர் 22, புதன்

பள்ளிவிட்டு வந்தால் கூடத்தில் அக்காவைக் காணோம். காலையிலேயே பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனதாக ஹேமா சொன்னாள். பி பிளாக்குக்கு ஓடினேன்.

படி திரும்புகிற இடத்தில், நான் நாற்பது நாள் உட்கார்ந்த அதே படியில், அக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் ஒரே ஒரு தாள், கிழிந்தது. மேலே போகிறவர்களுக்கு வழி விடாமல் காலை நீட்டியிருந்தார். சம்பூரணமும் மற்றவர்களும் மேல்படியில் நின்றிருந்தார்கள்.

"பத்து மணிக்கு ஒட்டுனேன்" என்றார் அக்கா. என்னிடம் இல்லை, அவர்களிடம். "ஒட்டிப்போட்டு எந்திரிக்கவே இல்ல. சோறு திங்கல, ஒண்ணுக்குப் போகல. இந்த டீச்சரு வரல, பசங்க வரல, ஒரு கையும் படல. ரெண்டரைக்கு என்ற கண்ணு முன்னால கிழிஞ்சுது. சத்தங்கூடக் கேட்டுது."

சம்பூரணம் இரண்டு படி இறங்கி வந்து தாளைப் பார்த்தாள்.

"இத்தன நாளு நா ஒட்டி ஒட்டி மறச்சிருக்கறேன், சம்பூரணம். என்ற பேத்தி இதுக்கு அடியில தூங்கிட்டிருந்துச்சு. இந்தத் தடவ நா ஒட்டுல."

சம்பூரணம் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஐந்து குடும்பமும் இறங்கும்வரை அக்கா அந்தப் படியை விட்டு எழவில்லை. கடைசி ஆள் இறங்கியதும் நானும் வெள்ளிங்கிரியும் ஆளுக்கொரு கை கொடுத்து அவரைத் தூக்கினோம். கால் மரத்துப் போயிருந்தது.

நவம்பர் 24, வெள்ளி

நேற்று இரவிலிருந்து மழை. மதியம் மூன்று இருபதுக்கு விழுந்தது. முதலில் படிக்கட்டு, அதோடு சேர்ந்து நடுவில் இருந்த ஆறு வீடு. தூசி அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

உள்ளே யாரும் இல்லை. அறுபத்தோரு பேர். மூன்று தடவை எண்ணினோம். நான்காம் தடவை சம்பூரணம் எண்ணினாள், என் கையைப் பிடித்துக்கொண்டே.

நவம்பர் 25, சனி

மிதுன் கூப்பிட்டார். இடிந்த கல் இரண்டு லாரி எடுத்து வந்து குடோனில் கொட்டலாமா என்று கேட்டார். கோபப்படத் தெம்பு இல்லை. நான் காட்ட வேண்டியதை, காட்ட வேண்டியவர்களுக்கு, துணிக்கொடியில் காட்டிவிட்டேன் என்றேன். நோட்டை மட்டும் அனுப்பி வைப்பதாகச் சொன்னேன்.

வெள்ளிங்கிரி காலையில் டீ வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். "குடி" என்றார். ஐந்து நாளில் முதல் வார்த்தை. அடுத்த மாதம் கோர்ட்டில் என்ன சொல்வது, எங்கே போவது, ஒன்றும் தெரியாது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

சமுதாயக்கூடத்தில் மேடைக்குப் பின்னால், சாமான் வைக்கிற இடத்தில், ஒரு மயிரிழை விரிசல் இருக்கிறது. வந்த முதல் நாளே பார்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. இன்று மாலை ஒரு தாளை வெட்டித் தேதி எழுதி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அங்கே போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்றைய தேதி. ஓரத்தில் இலேசான நீலம். அக்கா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. உட்கார்ந்தேன்.